நான்கு வருஷத்து ஞாயிறுகள்

மதுரைப் பக்கமிருந்து ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடுகிறது கிருஷ்ணன்கோவில். மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு, அதற்கப்பால் மலை. 1984-இல் இங்கே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. கலசலிங்கம் கல்லூரி என்று இந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் அந்த நிறுவனம் 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஆந்திரத்திலிருந்து வந்து படிப்பவர்கள் இங்கே ஏராளம். கடல் கடந்து வந்தவர்களும் உண்டு. வாரம் முழுக்க வகுப்பு, ஆய்வகம், தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிச் சோறு அலுத்துப்போய்ச் சாலைக்கு வந்து நிற்பவர்களுக்கு இரண்டு திசைகள் இருக்கின்றன. ஒன்று மதுரை. மற்றது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்.

வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் மதுரை பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். பெரிய ஊர், மால், சினிமா, பெயர் தெரிந்த கோயில். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எதிர்த்திசையில் போகும் பஸ்ஸை விட்டுவிட்டால் அவர்கள் இழப்பது நிறைய.

ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஒரு நாளில் பார்த்துவிட முடியாது. வேனில் வருகிற சுற்றுலாக் குழு காலையில் ஆண்டாளைக் கும்பிட்டு, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் குற்றாலம் போய்விடும். அவர்கள் வந்த மாதத்தில் எது இருந்ததோ அதுதான் அவர்கள் கண்ட ஊர். அருவி வறண்டிருந்தால் இங்கே அருவியே இல்லை. தேர் நிலையில் நின்றால் அது வெறும் தகரக் கொட்டகை. இந்த ஊர்களில் பார்க்க வேண்டியவை பருவத்துக்கு ஒன்றாக மாறி மாறி வருகின்றன. ஆடியில் இருப்பது மார்கழியில் இல்லை. கார்த்திகையில் ஓடும் தண்ணீர் சித்திரையில் இல்லை. எல்லாவற்றையும் காண வேண்டுமானால் இங்கேயே சில வருஷம் குடியிருக்க வேண்டும். வந்த ஊரில் நான்கு வருஷம், கையில் கொஞ்சம் காசு, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று வாழும் மாணவரைவிட இந்தப் பகுதிக்குப் பொருத்தமான பயணி வேறு யார்?

மாணவப் பருவத்து ஊர்சுற்றலைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நம் வீடுகளில் பழக்கம். "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" என்ற கேள்வியைக் கேட்காத அப்பா குறைவு. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போன காந்தி, பாரிஸில் பெரிய பொருட்காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் பார்க்கக் கிளம்பினார். சைவ உணவு விடுதி இருக்கும் இடமாகத் தேடி அறை எடுத்தார், ஏழு நாள் தங்கினார், வரைபடத்தை வைத்துக்கொண்டு சிக்கனமாகச் சுற்றினார். ஐஃபல் கோபுரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறினார். அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில், அங்கிருந்த உணவகத்தில் ஏழு ஷில்லிங்கைச் செலவழித்ததைச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். பைசா பைசாவாகக் கணக்கு எழுதிய மாணவர் அவர்.

அந்தக் காந்தியைப் படமெடுத்த ஏ.கே. செட்டியாரும் வெளிநாட்டு மாணவராக இருந்தவர்தான். 1911-இல் கோட்டையூரில் பிறந்தவர். 1930-களில் புகைப்படக் கலை படிக்க டோக்கியோ போனார், பிறகு நியூயார்க் போனார். படிப்புக்காகக் கப்பல் ஏறியவர், போன இடமெல்லாம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார், பார்த்ததை எளிய தமிழில் எழுதினார். தமிழில் பயண எழுத்து என்றவுடன் முதலில் சொல்லப்படும் பெயர் இன்றைக்கும் அவருடையது. 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில் இருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதற்காகப் பல நாடுகளில் அலைந்து, பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940-இல் படம் வெளிவந்தது. ஊர் சுற்றிய மாணவரால் நாட்டுக்குக் கிடைத்த செல்வம் அது. இருவரும் வேறு நாட்டில் செய்ததை, வேறு நாட்டிலிருந்து நம்மிடம் வரும் பிள்ளைகள் இங்கே செய்வதற்கு நாம் வழிகாட்ட வேண்டும்.

ஆடியிலிருந்து தொடங்கலாம். சேர்க்கை முடிந்து முதலாண்டு மாணவர்கள் பெட்டியோடு வந்திறங்கும் காலமும் ஆடிப்பூரமும் ஏறக்குறைய ஒட்டி வரும். திருவிழாவின் ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை. ஏழாம் நாள் சயன சேவை, ரெங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலைவைத்துச் சாய்ந்திருக்கும் கோலம். ஒன்பதாம் நாள் தேர். தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று அது. ஆண்டாளும் ரெங்கமன்னாரும் அதில் ஏறி ரத வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். வடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே பல ஊர்களிலிருந்து வந்து தங்குபவர்கள் உண்டு.

வெளிநாட்டு மாணவருக்குத் தேர் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதவர்கள் போவதில்லை. கோபுரம், பிராகாரம், மண்டபம் என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். தேர்த் திருநாளில் சாமி வீதிக்கு வந்துவிடுகிறது. எந்த நாட்டுக்காரர், எந்த மதத்துக்காரர் என்று வீதியில் யாரும் கேட்பதில்லை. நீர்மோர்ப் பந்தலில் எல்லோருக்கும் ஒரே டம்ளர். ஊரின் பெரிய நாளை ஊரோடு சேர்ந்து பார்க்கும் வாய்ப்பு, வந்த முதல் மாதத்திலேயே கிடைக்கிறது.

கோபுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோரு நிலை, சுமார் 192 அடி. வடபத்ரசாயி கோயிலின் இந்தக் கோபுரம்தான் தமிழக அரசின் முத்திரையில் இருக்கிறது என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் அரைமணி நேரம் நல்ல பேச்சுத் துணை கிடைக்கும்.

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் மூக்கு. கட்டி முடிக்கச் சில மணி நேரம் ஆகிறது. மாலையில் சாத்துகிறார்கள், மறுநாள் வேறு கிளி. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது, சித்திரைத் திருவிழாவுக்கு அழகரிடம் போகிறது. திருப்பதி தெரிந்த ஆந்திர மாணவருக்கு, அங்கே கருட சேவையன்று பெருமாள் அணியும் மாலை தன் விடுதிக்குப் பக்கத்து ஊரிலிருந்து புறப்படுகிறது என்று யாராவது சொன்னால் எவ்வளவு மகிழ்ச்சி!

பிறகு பால்கோவா. பாலும் சர்க்கரையும் மட்டும். விறகடுப்பில் பெரிய இரும்புச் சட்டியை ஏற்றி, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பத்து லிட்டர் பாலை வற்றவைத்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே கிடைக்கும். 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோயிலைச் சுற்றியும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் வரிசையாகக் கடைகள். பெட்டியில் கட்டி வைத்ததை வாங்குவதைவிட, எந்தக் கடையில் அடுப்பு எரிகிறது என்று விசாரித்துப் போய், சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு தொன்னையில் வாங்கித் தின்பதுதான் சரியான வழி. உள்ளூர் மாணவர் ஒருவர் கூட இருந்தால் இது முதல் நாளே தெரிந்துவிடும்.

ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. 1988-இல் இங்கே சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அமைத்தார்கள், சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு. நாம் வீட்டு மதிலில் பார்க்கும் மூன்று கோட்டு அணிலை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. இது பூனையளவு இருக்கும், வாலோ உடம்பைவிட நீளம். தரைக்கு அதிகம் இறங்காது. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும், உச்சியில் குச்சியும் இலையும் சேர்த்துக் கூடு கட்டும். அதனால்தான் மரங்கள் நெருங்கி நிற்கும் தோப்பும் ஓடைக்கரையும் அதற்கு வேண்டும். நடுவே வெட்டவெளி விழுந்தால் அதற்கு வழி அடைபட்டுப் போகிறது. உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பிராணி. இலங்கையிலிருந்து படிக்க வருபவர் இதை ஊரில் பார்த்திருக்கக்கூடும். மற்ற யாருக்கும் இது வாழ்நாளில் புதுக் காட்சி.

2021-இல் இந்தச் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் 51-ஆவது. காட்டுக்குள் காட்டழகர் கோயில் இருக்கிறது, பளியர் குடியிருப்பு இருக்கிறது. வனத்துறை அனுமதிக்கும் இடம்வரை, அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் போகலாம். கோடையில் காட்டுத்தீ பயம், மழையில் காட்டாற்று பயம். இரண்டும் உண்மையான பயங்கள். வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய்ச் சதுரகிரி ஏறுவது மாணவர்களுக்கு மிகவும் பிடித்த நடை. 2015-இல் திடீர் வெள்ளத்தில் அங்கே பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அதற்குப் பின் கட்டுப்பாடுகள் இறுகின. மேலே மழை பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீரின் நிறம் மாறினாலே கரையேறிவிட வேண்டும் என்பதை மலையடிவாரத்துப் பிள்ளைகள் அறிவார்கள். சமவெளி நாட்டிலிருந்து வந்தவருக்கு அதைச் சொல்லித்தான் தர வேண்டும். அனுமதி இல்லாத நாளில் குறுக்கு வழியில் ஏறும் வீரமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அருவிக்கு வருவோம். ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, அதே மலைத்தொடரை ஒட்டியிருக்கும் ராஜபாளையத்தில் வெயில் காயும். புதிதாக வந்தவர்களை இது குழப்பும். காரணம் மலையின் அமைப்பில் இருக்கிறது. ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. தென்மேற்குக் காற்று ஈரத்தோடு அதன் வழியாக நுழைந்து குற்றாலத்தை நனைக்கிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலை உயர்ந்து நிற்கிறது, காற்று கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. இந்த ஊர்களுக்குப் பெரிய வரவு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில்தான். ஆகையால் கணக்கு எளிது: ஆனி, ஆடிக்குக் குற்றாலம், தீபாவளிக்குப் பிறகு அய்யனார் கோயில் அருவி.

ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில் போனால், ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வருகிறது. அதைத் தாண்டினால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. பிறகு நீர்காத்த அய்யனார் கோயில், அருவி. குற்றாலத்துப் பேரருவியைப் போன்ற ஆர்ப்பாட்டம் இங்கே கிடையாது. பாறைகளில் சரிந்து வரும் தண்ணீர், கிடந்து குளிக்கச் சின்னச் சின்னக் கிடங்குகள். தண்ணீரைக் காக்கும் சாமி என்று பெயர் வைத்து, அந்தத் தண்ணீரையே ஊருக்குக் குழாயில் கொண்டுபோகும் இடம் இது. இங்கே ஷாம்பு பாக்கெட்டையும் பாட்டிலையும் போட்டுவிட்டு வருவது, ராஜபாளையத்து வீட்டுக் குடத்தில் போடுவதற்குச் சமம். உல்லாசமாகப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ராஜபாளையம் என்றால் வெளியுலகுக்கு நாய். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, மெலிந்த நீண்ட கால். 2005-இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர் நாய்களோடு இதற்கும் இடம் கிடைத்தது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த ஜாதி. தன் வீட்டாரிடம் உயிரை விடும், அந்நியரை அண்டவிடாது. ஆகவே செல்ஃபி ஆசையில் தோட்டத்துக்குள் கை நீட்டக் கூடாது. வளர்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு போனால் அவரே பிடித்து நிறுத்திக் காட்டுவார். இந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு சற்று அதிகம் என்பதையும் நல்ல வளர்ப்பாளர்கள் மறைக்காமல் சொல்வார்கள். குட்டி வாங்க ஆசைப்படும் மாணவருக்கு விடுதி அறை ஏற்ற இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஊரை நடந்து பார்ப்பது நல்லது. விஜயநகரக் காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வீட்டில் இன்றைக்கும் தெலுங்கு பேசுகிறார்கள். குண்டூரிலிருந்து படிக்க வந்த பையனுக்குக் கடைத்தெருவில் காதில் விழும் அந்தப் பழைய தெலுங்கு கொஞ்சம் வியப்பாகவும் கொஞ்சம் வீட்டு நினைப்பாகவும் இருக்கும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே பொதுவுக்குக் கொடுத்தார், அதுதான் காந்தி கலை மன்றம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லிலிருந்து இந்த ஊரின் தொழில் வரலாறு விரிகிறது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் தெருத்தெருவாக விசைத்தறிச் சத்தம். அங்கே நெய்வது புடவையில்லை. காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி. வெளிநாடுகளுக்கும் போகிறது. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் ஒரு மாணவிக்கு, தன் நாட்டு ஆஸ்பத்திரியில் பார்த்த துணி எந்தத் தறியிலிருந்து வருகிறது என்று காண்பதைவிட நல்ல சுற்றுலா வேறு என்ன இருக்கிறது? செண்பகத்தோப்பு அளவுக்குச் சத்திரப்பட்டியும் பார்க்கத் தகுந்த இடம்தான் என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து.

மார்கழி வந்தால் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். விடியற்காலைக் குளிரில் திருப்பாவை. பகல் பத்துத் தொடக்கத்தில், ஆண்டாள் பிறந்த வீட்டுக்கு வருவதாகக் கருதி, பெரியாழ்வார் வழிவந்த வேதபிரான் பட்டர் வீட்டில் காய்கறிகளைப் பரப்பி வரவேற்கிறார்கள். பச்சை பரப்புதல் என்று அதற்குப் பெயர். கல்யாணமான பெண் தாய்வீட்டுக்கு வந்தால் என்ன நடக்குமோ அதுதான். அரையர் சேவை இன்றும் உயிரோடு இருக்கும் மிகச் சில ஊர்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று. ஸ்ரீரங்கமும் ஆழ்வார்திருநகரியும் அவற்றில் சேரும். கலிஃபோர்னியாவில் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஆண்டாளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த அர்ச்சனா வெங்கடேசன், பிறகு திருப்பாவையையும் நாச்சியார் திருமொழியையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2010-இல் வெளியிட்டார். திருப்பாவையின் பொருள் தமிழ் தெரியாத மாணவருக்கு எட்டாது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தைக் கல்லூரி நூலகம் வாங்கி வைத்தால் போதும்.

கோடை தேர்வுக் காலம், வெயிலும் கடுமை. ஆனாலும் அப்போதுதான் ராஜபாளையம் சந்தையில் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்கள் வந்து இறங்கும். மல்கோவாவும் பங்கனபள்ளியும் எங்கும் கிடைக்கும், இந்த இரண்டையும் இங்கே தின்றால்தான் உண்டு. தேர்வு முடிந்த களைப்பில் ரயில் பயணம் ஒன்று போகலாம். விருதுநகரிலிருந்து தென்காசி போகும் இந்தப் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகும் மலைப்பாதை அதைவிடப் பழையது, 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ கொல்லம் ரயிலில் ஏறினால், சுரங்கங்களைக் கடந்து, பதின்மூன்று கண் பாலத்தின் மேலே போகலாம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தூங்கிவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் செலவு அதிகமில்லை. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் தமிழில் மட்டும். செண்பகத்தோப்புக்கு எப்போது அனுமதி, அருவியில் குளிக்கத் தடை இருக்கிறதா என்பதெல்லாம் உள்ளூர் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது இருந்தும் பயனில்லை. ஐந்து கருட சேவை எந்தத் தேதி என்று விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட ஆள் இல்லை என்றால், தேர் பத்து கிலோமீட்டர் தள்ளி ஓடினாலும் அந்தப் பிள்ளைகள் அறையில் படுத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு காலண்டர் போதும். ஆடிப்பூரத் தேதி, பகல் பத்து, வடகிழக்கு மழை மாதங்கள், மாம்பழக் காலம், வனத்துறை அலுவலகத்தின் தொலைபேசி எண், கடைசி பஸ் நேரம் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே தாளில் இருக்க வேண்டும். சேர்க்கையன்றே ஒவ்வொரு புது மாணவர் கையிலும் அதைக் கல்லூரிகள் கொடுக்கலாம், கூடவே முதல் நான்கைந்து ஞாயிறுகளுக்கு உள்ளூர் மாணவர் ஒருவரையும் துணைக்கு அனுப்பலாம். நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அடுத்த ஆடிக்குள் அச்சிட்டு வாங்கிவிடலாம்.